மூன்றாவது பேட்டரி வாங்கும் முன்: பழைய பைக் கேள்வி-பதில்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் புதுச்சேரியில் பழைய வண்டி விற்கும் ஒரு கடையில் 150 சிசி பைக் வாங்கினேன். பில் இருக்கிறது. 'பேட்டரி புதுசு' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்றாவது வாரமே காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும். கேட்டால், பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்கிறார்கள். நானே புது பேட்டரி போட்டேன். ஒரு மாதம் ஓடியது, மறுபடி அதே கதை. ஒரு மெக்கானிக் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, இன்ஜின் ஓடும்போதே 12.3 வோல்ட்தான் காட்டுகிறது, பேட்டரி டூப்ளிகேட் என்கிறார். கிக்கரும் கிடையாது. யாரை நம்புவது?

பதில்: இரண்டாமவரின் மீட்டரை நம்புங்கள், அவர் சொன்ன முடிவை நம்பாதீர்கள். இன்ஜின் ஓடும்போது 12.3 என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். வரவு இல்லாமல் செலவு மட்டும் நடக்கிறது. எவ்வளவு நல்ல பேட்டரி போட்டாலும் சில வாரத்தில் காலியாகும். அப்படியானால் உங்கள் இரண்டு பேட்டரிகளும் குற்றவாளிகளாக இருக்க வேண்டியதில்லை, பாதிக்கப்பட்டவையாக இருக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த 12.3 ஐடிலில் எடுத்ததா, ஆக்சிலேட்டர் கொடுத்து எடுத்ததா? 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். ஐடிலில் அது இழுக்கிற இழுப்பில் அளவு கொஞ்சம் குறையலாம். 4000 ஆர்பிஎம் வாக்கில் வைத்துப் பார்க்கும்போது 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அப்போதும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜிங்கில்தான் கோளாறு. 15-க்கு மேல் போனாலும் கோளாறுதான். அது பேட்டரியைக் காய்ச்சியே கொன்றுவிடும்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பேட்டரியின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. அப்புறம் செல்ஃபை அழுத்திக்கொண்டே பாருங்கள். பத்து வோல்ட் வாக்கில் நின்றால் பரவாயில்லை. ஏழு, எட்டு என்று சரிந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் சக்தி போய்விட்டது.

பேட்டரி 12-க்கு மேலேயே நிற்கிறது, ஆனால் செல்ஃப் சுற்றவில்லை என்றால் விஷயம் வேறு. அப்போது கரண்ட் வழியில் எங்கோ மறிக்கப்படுகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்து செல்ஃபை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியாகப் பிடிக்கவில்லை. நம்ம ஊரில் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டியை நிறுத்துகிறீர்கள். உப்புக் காற்று வெளியே தெரிகிற இரும்பைத் துருப்பிடிக்க வைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வயர் முனையில் செம்பில் பச்சைக் களிம்பு ஏறுவது தெரிவதில்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் வேலை முடிந்தது. இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் செல்ஃப் மோட்டாரை மாற்றிக்கொண்டு போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வண்டிக்கு வருவோம். சார்ஜ் ஏறவில்லை என்று உறுதியானால் பார்க்க வேண்டியது மூன்று: இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற மேக்னட் காயில், அதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுகிற ரெக்டிஃபயர், இரண்டின் வயரையும் சேர்க்கிற பிளாஸ்டிக் இணைப்பான கப்ளர். கப்ளரிலிருந்து தொடங்குங்கள். அதைப் பிரித்ததும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. பல வண்டிகளில் மேக்னட்டிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வரும். கப்ளரைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பார்த்தால் மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் காயில் போயிருக்கிறது. மூன்றும் சமமாக இருந்து பேட்டரிக்கு மட்டும் வரவில்லை என்றால் ரெக்டிஃபயர். இதை வீட்டில் செய்ய வேண்டாம், எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஆனால் 'மூன்று ஜோடியிலும் என்ன அளவு வந்தது அண்ணே?' என்று கேளுங்கள். அளந்து பார்த்தவர் பதில் சொல்வார். அளக்காதவருக்குக் கோபம் வரும்.

பழுதைச் சரிசெய்த பிறகு, இப்போதிருக்கும் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எட்டு ஆம்பியர் பேட்டரி என்றால் 0.8 ஆம்பியர் அளவில் பத்து மணி நேரம் வாக்கில் நிதானமாகச் சார்ஜ் ஏற்றுங்கள். ஒரு ராத்திரி வைத்துவிட்டு 12.6 நிற்கிறதா பாருங்கள். நின்றால் இன்னும் வாழ்வு இருக்கிறது. வாரக் கணக்கில் காலியாகவே கிடந்திருந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் இறுகியிருக்கும். அதை மீட்பது கஷ்டம். அதோடு, வண்டிக்குக் கம்பெனி சொன்ன ஆம்பியர்தான் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எட்டு, ஒன்பது ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆம்பியரைச் சொருகி, இடைவெளியில் தெர்மாகோல் வைத்து 'புது பேட்டரி' என்று விற்பதும் நடக்கிறது. பழைய உரிமையாளர் மாட்டிய அலாரம், கூடுதல் எல்இடி விளக்கு, யூஎஸ்பி சார்ஜர் எதுவும் சாவி அணைத்த பிறகும் கரண்ட் இழுக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இதே வண்டிக்காக அந்தக் கடை மேல் புகார் கொடுக்க முடியுமா? கடை புதுச்சேரியில், நான் கடலூரில்.

பதில்: முடியும். கடைக்காரர் வியாபாரமாக விற்கிறார், நீங்கள் பணம் கொடுத்து பில்லோடு வாங்கியிருக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது கடலூரிலேயே, புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இதே வண்டியைத் தெருவில் ஒரு தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது.

ஆனால் என் மனசில் படுவதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் தேய்மானம் இருக்கும் என்று ஆணையத்துக்கும் தெரியும். 'சார்ஜ் ஏறவில்லை' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் வாங்க முடியாது. 'புது பேட்டரி' என்று சொன்னது பொய் என்று காட்ட முடிந்தால் உங்கள் கை ஓங்கும். அந்த முதல் பேட்டரி இன்னும் கையில் இருந்தால் அதில் அச்சடித்த தேதியைப் படம் எடுங்கள். விற்பனை விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதையும் அழிக்காதீர்கள். மெக்கானிக் அளந்த அளவுகளைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். முதலில் கடைக்கு ஒரு கடிதம் போடுங்கள், பழுதுபார்த்த செலவை ஏற்கச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் இந்தத் தொகைக்கு அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. புதுச்சேரியின் பிஒய் எண் வண்டியை கடலூரில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் டிஎன் எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் புதுச்சேரியில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், படிவம் 28. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கடை மூலமாக பழைய உரிமையாளரின் கையெழுத்து வாங்கிவிட்டீர்களா? கடன் இருந்த வண்டி என்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வேண்டும். வண்டி செல்ஃப் எடுக்காததை விட இது பெரிய தலைவலியாகிவிடும்.

கேள்வி: வில்லியனூரில் இருக்கிறேன். 2022 மாடல் பைக் ஒன்று மற்றவர்கள் கேட்கும் விலையை விடக் குறைவாக வருகிறது. ஃபெஞ்சல் புயலில் மூழ்கியதோ என்று பயம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பயம் நியாயமானது. 2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கமும் எத்தனையோ வண்டிகளை மூழ்கடித்தது.

விற்பவர் பெயின்டைப் பளபளப்பாக்கலாம். வயரிங்கை யாரும் பளபளப்பாக்குவதில்லை. சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால் அடியில் சேற்றுப் பொடி இருக்கிறதா, ஏதாவது ஒரு கப்ளரைப் பிரித்தால் முனை பச்சையாக இருக்கிறதா பாருங்கள். ஹெட்லைட் கண்ணாடிக்குள் தண்ணீர் நின்ற கோடு, மீட்டருக்குள் பனிமூட்டம், செல்ஃப் மோட்டாரின் போல்ட் மட்டும் மற்றவற்றை விடத் துருவேறியிருப்பது — இவையெல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. வயரிங் முழுவதும் புதிதாக மாற்றியிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

போய்ப் பார்ப்பது காலையில் இருக்கட்டும். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஆறவிட்டு வாருங்கள். ஆறிய இன்ஜினை, நீங்களே, முதல் தடவை.

கேள்வி: பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? பிஎஸ்6 வண்டி.

பதில்: பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் வேலைக்கு ஆகாது. பிஎஸ்6 வண்டிகள் பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்ஷன்தான். அதில் பெட்ரோல் பம்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவுக்கும் கரண்ட் வேண்டும். சாவி போட்டதும் டேங்க் பக்கம் 'உய்ங்' என்று பம்ப் சத்தம் கேட்டால் இரண்டாவது கியரில் ஒருமுறை முயன்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் தள்ளி வியர்க்க வேண்டாம், சார்ஜரைத் தேடுங்கள். அதற்கு முன் சைடு ஸ்டாண்டு மேலே இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள், இறங்கியிருந்தால் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது. கேலிக்குச் சொல்லவில்லை, நானே கால் மணி நேரம் தள்ளியிருக்கிறேன்.