வரைபடத்தில் வெள்ளை நிறம்

அன்புள்ள ஐயா,

குழந்தைகள் வார்டில் பதினொரு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். ஒரு பயிற்சி வகுப்பில் அமெரிக்க மாநிலங்களின் வரைபடம் ஒன்றைக் காட்டினார்கள். வளர்ப்பவர்களின் அடியாலும் அலட்சியத்தாலும் இறந்த குழந்தைகளின் விகிதம். ஒரு மாநிலம் அடர்சிவப்பு, பக்கத்து மாநிலம் கிட்டத்தட்ட வெள்ளை. “அங்கே இருப்பவர்களுக்கு ஈவிரக்கமே கிடையாதா?” என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டினால் பெற்ற மனம் மாறிவிடுமா?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வாரம் மூன்று மாதக் குழந்தை ஒன்றைச் சளி என்று தூக்கிவந்தார்கள். காதுக்குப் பின்னால் நகம் அளவுக்கு நீலமாகக் கன்றியிருந்தது. “தொட்டில்ல இடிச்சுக்கிட்டான்” என்றார்கள். சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டோம். நான் அதை எங்கேயும் எழுதவில்லை. உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வரைபடமும் அந்தக் குழந்தையும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: எதைப் பதிவு செய்கிறோம், எதை எழுதாமல் விடுகிறோம். முதலில் வரைபடத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 2022 நிதியாண்டில் இப்படி இறந்த குழந்தைகள் சுமார் 1,990 பேர் என்று அரசு மதிப்பிட்டது. லட்சம் குழந்தைகளுக்கு 2.73. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள். பத்தில் எட்டு மரணங்களில் பெற்றோருக்குப் பங்கு இருந்தது. அடிதான் நம் கண்முன் வரும். ஆனால் நாலில் மூன்று பங்கு மரணங்களில் கவனிக்காமல் விட்டதும் ஒரு காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. குளியல் தொட்டியில் தனியாக விட்ட குழந்தை மூழ்கிப்போகிறது. ஒரு மாநிலம் அதைக் கவனிப்பின்மை என்று எழுதும், இன்னொன்று விபத்து என்று முடித்துவிடும். மத்திய சட்டம் குறைந்தபட்ச வரையறையைத்தான் தருகிறது, மீதி அந்தந்த மாநிலத்தின் சட்டம். குழந்தைகள் நலத்துறை விசாரித்த மரணங்களோடு நிறுத்திக்கொள்ளும் மாநிலங்கள் உண்டு. பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், போலீஸ் கோப்பு எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் மாநிலங்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 1978-இல் தொடங்கிய அந்தக் கூட்டு ஆய்வு முறை பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. பல மாவட்டங்களில் மரண விசாரணை அதிகாரி தேர்தலில் ஜெயித்து வருபவர், மருத்துவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இரவில் மூச்சு நின்றுபோன ஐந்து மாதக் குழந்தை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலை முதல் கால் வரை எக்ஸ்ரே எடுத்தால், முதுகெலும்பை ஒட்டிய விலா எலும்பில் பழைய முறிவு ஒன்று கூடி ஆறிக்கொண்டிருப்பது தெரியக்கூடும். எடுக்கவில்லை என்றால் ‘காரணம் தெரியாத திடீர் மரணம்’. அந்த வருடம் அந்த மாநிலத்தின் கணக்கில் ஒன்று குறையும், வரைபடத்தில் நிறம் சற்று வெளுக்கும். கொலராடோ மாநிலத்தில் 1990 முதல் 1998 வரையான மரணங்களைத் தோண்டிப் பார்த்தபோது, துன்புறுத்தலால் இறந்த குழந்தைகளில் பாதிப் பேரின் இறப்புச் சான்றிதழில்தான் அது தெரியும்படி பதிவாகியிருந்தது. மீதிப் பாதி வேறு ஏதேதோ பெயர்களில் புதைந்து கிடந்தது.

சிறிய மாநிலங்களின் விஷயம் வேறு. வெர்மான்டில் மொத்தமே ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவான குழந்தைகள்தான். ஒரே ஒரு மரணம் கூடினால் விகிதம் 0.8-க்கு மேல் ஏறிவிடும். அப்புறம், ஒரு மரணம் நடந்த வருடத்தில் எண்ணப்படுவதில்லை. துன்புறுத்தல்தான் காரணம் என்று முடிவான வருடத்தில்தான் கணக்கில் சேர்கிறது. தேங்கிக் கிடந்த கோப்புகளை ஒரு துறை முடித்துவைத்தால் அந்த வருடம் மாநிலம் சிவந்துவிடும்.

அதனால் சிவப்பு மாநிலத்தைப் பார்த்து “ஈவிரக்கம் இல்லாதவர்கள்” என்பது அநியாயம். அங்கே நன்றாகத் தேடியிருக்கலாம். ஆனால் ‘எல்லாம் கணக்கு வித்தியாசம்தான்’ என்று கையை உதறுவதையும் நான் ஏற்கமாட்டேன். நிஜமான வித்தியாசம் இருக்கிறது. 2003-இல் யூனிசெஃப் பணக்கார நாடுகளை வரிசைப்படுத்தியபோது, கொலை என்று பதிவானவற்றோடு நோக்கம் தீர்மானிக்கப்படாத மரணங்களையும் சேர்த்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளுக்கு ஸ்பெயினில் 0.1, அமெரிக்காவில் 2.4. போர்ச்சுகல் அந்தச் சேர்ப்பினால் நல்ல இடத்திலிருந்து கடைசிக்குப் போனது, அது பதிவின் விளைவு. அமெரிக்காவின் எண்ணை அப்படித் தள்ளிவிட முடியாது. வறுமையும் மன அழுத்தமும் குடியும் போதையும் இந்த மரணங்களோடு திரும்பத் திரும்பச் சேர்ந்தே வருகின்றன என்று அதே அறிக்கை சொன்னது.

உதவி வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது, அதுவும் உங்கள் தொழிலிலிருந்தே. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் முதல் குழந்தையைச் சுமந்த ஏழைத் தாய்மார்களின் வீட்டுக்குச் செவிலியர்கள் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை போய்வந்தார்கள். இருபது வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் இறந்த பிள்ளைகள் மற்ற குடும்பங்களில் 1.6 சதவீதம். செவிலியர் போன குடும்பங்களில் ஒருவர்கூட இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது.

சரி, அந்த மூன்று மாதக் குழந்தை. தவழாத, புரளாத குழந்தைக்குக் கன்றிப்போவது மிக அபூர்வம். காது அதிலும் அபூர்வமான இடம். துன்புறுத்தப்பட்டது உறுதியான 200 கைக்குழந்தைகளை 2013-இல் ஓர் ஆய்வு பார்த்தது. கால்வாசிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதற்கு முன்பே ஒரு சிறு காயம் இருந்திருக்கிறது, பெரும்பாலும் இப்படி ஒரு கன்றல்தான். அவற்றில் பத்தில் நான்கை ஒரு மருத்துவர் அப்போதே அறிந்திருந்தார். துன்புறுத்தல் இல்லை என்று தெளிவான குழந்தைகளில் ஒன்றுக்குக்கூட அப்படி முன்காயம் இல்லை.

அந்தக் குடும்பம் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலும் இப்படிக் கன்றும், அதையும் பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் படித்ததும் குழந்தை மருத்துவரிடமும் உங்கள் மருத்துவமனையில் குழந்தைப் பாதுகாப்பைக் கவனிப்பவரிடமும் சொல்லுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். குழந்தையை உடனே வரவழைத்து முழுதாகப் பார்க்கட்டும். நினைவில் இருப்பதைத் தாமதமாக எழுதுகிறேன் என்று குறித்தே, கேஸ் ஷீட்டில் இன்றைய தேதியோடு எழுதுங்கள்: எந்தக் காது, எவ்வளவு பெரிது, என்ன நிறம், “தொட்டில்ல இடிச்சுக்கிட்டான்” என்று அவர்கள் சொன்ன வார்த்தை, சொன்னவர் யார். குழந்தை திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.