பிடுங்கினாலும் திரும்பி வரும் செடிகள்: கேள்வி பதில்

கேள்வி: பூப்பாத்தி முழுக்கக் கோரை. பிடுங்கப் பிடுங்க இன்னும் அடர்த்தியாக வருகிறதே, ஏன் சார்?

பதில்: கையோடு வருவது தாள்தான், கிழங்கு உள்ளேயே இருக்கிறது. கோரையின் கிழங்குகள் மெல்லிய தண்டில் மணிமாலை போலக் கோத்திருக்கும். நுனிக்கிழங்கு முளைத்திருக்கும் வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். வெடுக்கென்று இழுத்தால் மாலை அறுந்து உறங்கியவையும் முளைக்கின்றன. மண்வெட்டியால் கொத்தினாலும் அதேதான். கிழங்குகளில் பெரும்பகுதி மேல் 15 சென்டிமீட்டருக்குள் இருப்பதால், ஈரமண்ணை நன்றாகத் தளர்த்தி, விரலால் தேடி எடுங்கள். எல்லாம் கிடைக்காது. மிஞ்சியது முளைத்து ஐந்தாறு இலை விடுவதற்குள் மறுபடி எடுத்துவிடுங்கள். அந்த வயதுக்கு முன் அது புதுக் கிழங்கு வைக்காது, சேமித்த சத்தைத்தான் செலவழிக்கும். இப்படியே விடாமல் செய்தால் மெலிந்துபோகும், ஆனால் ஒரே பருவத்தில் முடிகிற வேலை இல்லை. கோரைக்கு நிழல் ஆகாது, அதனால் அங்கே அடர்ந்து வளரும் செடிகளை வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பை நம்ப வேண்டாம், கூரான முளை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

கேள்வி: உப்பு அல்லது வினிகர் ஊற்றலாமா?

பதில்: வினிகர் இலையைக் கருக்கும், அவ்வளவுதான். உப்போ கோரைக்கு முன்னால் உங்கள் ரோஜாவைக் கொன்றுவிடும், மண்ணும் கெடும். இரண்டும் வேண்டாம்.

கேள்வி: புதினாவைத் தரையில் வைக்கலாமா என்று கேட்டால் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தொட்டியில் வையுங்கள். தொட்டியையும் மண்மேல் வைக்காதீர்கள், அடித்துளை வழியாகப் புதினா தரைக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: வேலியோரம் மூங்கில் வைக்க ஆசை.

பதில்: எந்த மூங்கில் என்பதுதான் கேள்வி. கொத்தாக வளர்கிற வகை இடத்தை மெதுவாகத்தான் பிடிக்கும். ஓடும் வகையோ மண்ணுக்குள் தண்டை நீட்டி அடுத்த வீட்டில் தலைகாட்டும். அதுதான் வேண்டுமென்றால் 60 முதல் 75 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தடுப்பைப் புதைத்து, 5 சென்டிமீட்டரைத் தரைக்கு மேலே விடுங்கள். தண்டு தடுப்பைத் தாண்ட முயன்றால் அங்கேதான் கண்ணில் படும், உடனே வெட்டலாம். என்னைக் கேட்டால் கொத்து வகையோடு நிறுத்திக்கொள்வேன்.

கேள்வி: உண்ணிச்செடிக்குப் பட்டாம்பூச்சி வருகிறது. எடுக்க மனமில்லை.

பதில்: பட்டாம்பூச்சிக்கு வேறு பூக்கள் உண்டு. இதன் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைக் காடுவரை கொண்டுபோகின்றன. ஆடுமாடு இலையைத் தின்றால் நஞ்சு. வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும், ஆகையால் வேரோடு தோண்டுங்கள். அதற்கு இன்னும் மனம் வரவில்லையா? சரி, பூ வாடியதும் காய் பிடிக்கும் முன் கத்தரித்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கும்போதே அடையாளம் கண்டுகொள்ள முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். ‘சீக்கிரம் பரவும், கவனிக்கவே வேண்டாம்’ என்று விற்றால் உஷாராகுங்கள். தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்: தடித்த வெள்ளைத் தண்டு ஓரமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அது தரையில் ஓடும் ரகம். தெரிந்தவர் பை நிறைய இலவசமாகக் கொடுத்தால், அவரிடம் ஏன் இவ்வளவு மிஞ்சியது என்றும் யோசியுங்கள்!

கேள்வி: பிடுங்கியதை எங்கே போடுவது?

பதில்: கிழங்கும் ஓடுதண்டும் உரக்குழியில் பிழைத்துக்கொள்ளும். சிமென்ட் தரையில் பரப்பி, மொறுமொறுவென்று காயும் வரை வெயிலில் விடுங்கள், அப்புறம் போடலாம். தண்ணீர்த் தொட்டியில் மிஞ்சிய ஆகாயத்தாமரையை மட்டும் எந்த வாய்க்காலிலும் எறியாதீர்கள். சூழல் அமைந்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும்.