ரோமானியச் சமையலறையைப் படிக்க ஜியாலஜி சேரலாம்

கரூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கணக்கு-உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். பழைய ரோமாபுரியில் சாதாரண ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படித் துணி வெளுத்தார்கள், வாடகை வீட்டில் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பதைத்தான் படிப்பேன் என்கிறாளாம். பெரியப்பா கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மெண்ட் சீட்டுக்குப் பேசி வைத்திருக்கிறார். இன்னொரு பக்கம் ஒரு ஏஜென்ட், லண்டனில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது, வீட்டுப் பத்திரத்தை வைத்தால் கடன் கிடைக்கும் என்கிறார். "இவளுக்கு நல்ல புத்தி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார் அம்மா.

அவள் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. நீங்கள் பயப்பட வேண்டியது அந்த இரண்டு யோசனைகளுக்கு.

பெரியப்பா சீட் பேசுவார். நான்கு வருடக் கட்டணமும், பிடிக்காத பாடத்தில் விழும் அரியரும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். கோடிங்கில் ஆசையுள்ள பிள்ளைகளுக்கே போட்டி கடுமையாக இருக்கிற துறையில், ஆசையே இல்லாத பிள்ளையைப் பணம் கட்டிச் சேர்ப்பது நஷ்டக் கணக்கு. லண்டன் யோசனை அதைவிட ஆபத்து. ரோமானியத் தொல்லியலில் கிடைக்கும் ஆரம்பச் சம்பளம் அந்த அளவு கடனுக்கு வட்டி கட்டக்கூடக் காணாது. பட்டப்படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பி.ஏ. வரலாறு, பிறகு பி.எட்., பிறகு குரூப் தேர்வு என்ற வழியை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: பி.எஸ்சி. ஜியாலஜி. நிலவியல்.

காரணம், உங்கள் மகள் படிக்க விரும்புவது பேரரசர்களின் கதையை அல்ல. சாதாரண ஆட்களைப் பற்றி ரோமானிய எழுத்தாளர்கள் எழுதி வைத்தது கொஞ்சம். மிச்சத்தைப் பொருள்களிடம்தான் கேட்க வேண்டும். கி.பி. 79-ல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் கரியாகிப்போன ஒரு ரொட்டி அப்படியே கிடைத்தது. வட்டமான ரொட்டி, எட்டுத் துண்டாகப் பிய்க்கக் கோடு போட்டது, மேலே ஒரு முத்திரை: குயின்டுஸ் கிரானியுஸ் வேருஸின் அடிமை செலெர். பலர் ஒரே அடுப்பில் சுடும்போது ரொட்டி மாறிப்போகாமலிருக்கவே இந்த முத்திரை என்று கருதுகிறார்கள். அந்த அடிமையின் ஒரு நாள் வேலை நம் கண்முன் நிற்கிறது. இப்படிப்பட்ட ரொட்டி அபூர்வம். ஆனால் உடைந்த பானை எங்கும் கிடைக்கும், மக்குவதும் இல்லை. ரோமானிய அன்றாட வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு பானை ஓட்டுச் சில்லிலிருந்து வந்தது.

சில்லைப் படிக்க மண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் பழைய துறைமுகமான அரிக்கமேட்டை 1945-ல் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், ரௌலட்டட் என்னும் வரிக்கோட்டுத் தட்டுகளை மத்தியதரைக் கடல் பகுதிச் சரக்கு என்று எண்ணினார். பிறகு களிமண்ணைச் சோதித்தபோது அவை இந்தியாவிலேயே செய்தவை என்று தெரிந்தது. இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. ரோமானிய மதுச்சாடியான ஆம்போராவின் உட்புறம் பைன் பிசின் பூசியிருக்கும். மெசபடோமியாவிலிருந்து (இன்றைய ஈராக் பகுதி) வந்த டார்ப்பிடோ சாடிக்குக் கைப்பிடியே கிடையாது, உள்ளே தார் பூசியிருக்கும். வெறும் சில்லாகக் கிடைக்கும்போது இரண்டும் கறுப்புப் பூச்சாகத்தான் தெரியும். இந்தியாவில் பல இடங்களில் 'ரோமானிய ஆம்போரா' என்று பதிவான சில்லுகள் பின்னாளில் டார்ப்பிடோ சாடியென்று திருத்தப்பட்டன. ஒரு சில்லைத் தவறாகச் சொன்னால் ஒரு துறைமுகத்தின் வியாபாரமே தவறாகிவிடும்.

ஜியாலஜி மாணவி இதில் என்ன செய்வாள்? சில்லின் ஓரத்தைக் குறட்டால் கிள்ளிப் புது முறிவு எடுத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்ப்பாள். வெசூவியஸ் வட்டாரத்து ஆம்போராவில் ஆகைட் என்ற எரிமலைக் கனிமம் பளபளக்கும் கறுப்பு மணலாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டை அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் குவார்ட்ஸ் என்ற கனிமம் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் கனம் இருக்கிறது. சாம்பல் வெள்ளைக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் தேய்த்துக்கொண்டே போனால் சில்லு கரைந்தே போகும். வரலாற்று வகுப்பில் இதைச் சொல்லித் தர ஆளில்லை. ஜியாலஜி ஆய்வகத்தில் இது அன்றாடப் பாடம்.

சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் ஜியாலஜி உண்டு. அரசுக் கல்லூரிக்கு ஆன்லைனில் பொது விண்ணப்பம். உதவி பெறும் கல்லூரிக்குத் தனியாகப் போட வேண்டும். இதை மறந்து சீட்டை விட்டவர்கள் நிறைய. உதவி பெறும் கல்லூரியில் 'செல்ஃப் ஃபைனான்ஸ்' பிரிவா, அரசு உதவிப் பிரிவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் பல மடங்கு மாறும்.

அந்த மூன்று வருடத்தில் தினம் அரை மணி நேரம் லத்தீன். தமிழ்ப் பிள்ளைக்கு லத்தீன் பயப்படும் மொழியல்ல. வேற்றுமை உருபு சொல்லின் கடைசியில் ஒட்டி வருவது நமக்குப் பழக்கம்; வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் நிற்கும். இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா ராணுவ முகாமில் கிடைத்த மெல்லிய மரச்சீவல் கடிதங்களை இணையத்தில் மொழிபெயர்ப்போடு இலவசமாகவே படிக்கலாம். கிளாடியா செவெரா என்ற பெண் தன் பிறந்த நாளுக்குத் தோழியை அழைத்து கி.பி. 100 வாக்கில் எழுதிய கடிதமும் அதில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கட்டும்.

அடுத்தது புனே டெக்கான் கல்லூரியில் எம்.ஏ. தொல்லியல். எந்தப் பட்டதாரியும் சேரலாம். இதைத் தாண்டி நேரே இத்தாலிக்குக் குதிக்க வேண்டாம். இத்தாலியில் தொல்லியல் முதுகலைக்கு வரலாறு, தொல்லியல் பாடங்களில் இத்தனை கிரெடிட் (பாடத்துக்கான மதிப்புப் புள்ளி) வேண்டும் என்று நிபந்தனை உண்டு. வெறும் பி.எஸ்சி. சான்றிதழோடு போனால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிறகு இத்தாலி. அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வெளிநாட்டவருக்கு நாடுவாரியாக ஒரே தொகை வைக்கும் இடங்களும் உண்டு. அதோடு மாகாண அரசின் உதவித்தொகை. அதற்கு வீட்டில் ஒவ்வொருவரின் வருமானம், குடும்ப உறுப்பினர் சான்று, டிசம்பர் 31-ல் இருந்த வங்கி இருப்பு, வீட்டின் பரப்பளவு சதுர மீட்டரில், எல்லாம் அப்போஸ்டில் முத்திரையோடு (ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்று அரசு தரும் சான்று) இத்தாலிய மொழிபெயர்ப்பாக வேண்டும். ரேஷன் கார்டு நகல் போதாது. பட்டாவில் தாத்தா பெயர் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். முதல் தவணை தாமதமாகத்தான் வரும். ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். முதல் வருடம் குறிப்பிட்ட கிரெடிட் எடுக்காவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

வேலை? தொல்லியல் துறைகளில் பணியிடம் குறைவு, அறிவிப்பும் ஒழுங்காக வராது. சாஃப்ட்வேர் சம்பளத்தோடு ஒப்பிடவே வேண்டாம். ஆனால் பாதியில் மனம் மாறினால் எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்து மத்திய அரசின் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். நிலத்தடி நீர், சுரங்கத் துறைகளும் இருக்கின்றன. கடன் இல்லாமல் படித்தால்தான் இந்தப் பாதையில் நிதானமாக நடக்க முடியும்.

அவளுக்குக் கல்லும் மண்ணும் பிடிக்கவில்லை என்றால் இதையும் திணிக்காதீர்கள். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. குயவர் வீட்டிலிருந்து உடைந்த வாய்விளிம்புச் சில்லு முப்பது வாங்கி வாருங்கள். ஒவ்வொன்றையும் மேசையில் கவிழ்த்து, அடியில் வெளிச்சம் புகாதபடி சாய்த்துப் பிடித்தால் பானையின் உண்மையான சாய்வு கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வட்டங்கள் போட்ட தாளில் வைத்தால் வாயகலம் தெரியும். முழு விளிம்பு வட்டத்தில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் சில்லை நம்பக் கூடாது. அளந்து, வரைந்து, எடை போட்டு எழுதட்டும். முப்பதாவது சில்லையும் முதல் சில்லைப் போலவே கவனமாக வரைந்திருந்தால், பெரியப்பாவிடம் சீட் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.