"எதிரியைச் சந்தித்தபின் எந்தத் திட்டமும் நிலைப்பதில்லை" என்ற கூற்று எங்கிருந்து வந்தது?

போர்க்காலப் பொன்மொழி என்று நாம் எடுத்தாள்வது, பெரும்பாலும் ஒரு தளபதியின் நீண்ட வாக்கியம் பலர் வாய்ப்பட்டுச் சுருங்கிய வடிவமே ஆகும். இக்கூற்றின் மூலவர் பிரஷ்யத் தளபதி ஹெல்முத் ஃபான் மோல்ட்கே. பிரான்சுடனான போர் முடிந்த 1871-ஆம் ஆண்டில் போர் உத்தி பற்றி எழுதிய கட்டுரையில், எதிரியின் முதன்மைப் படையுடன் நிகழும் முதல் மோதலுக்கு அப்பால் எந்தப் போர்த் திட்டமும் உறுதியோடு நீளாது என்றே அவர் குறிப்பிட்டார்; நம் விருப்பத்தை எதிர்கொள்வது எதிரியின் சுதந்திரமான விருப்பம் என்பதே அவர் கண்ட காரணம். "உறுதியோடு" என்ற அந்த ஒரு சொல்தான் கருத்தின் உயிர் என்பேன். ஆற்றில் உருளும் கல் முனை மழுங்கிக் கூழாங்கல்லாவதுபோல, மேற்கோளும் நினைவில் எளிதில் தங்குவதற்காகத் தன் நிபந்தனைகளை இழக்கிறது. திட்டமிடுதலே வீண் என்று மோல்ட்கே சொன்னதாகப் பலர் கருதுவது தவறு. படைத்திரட்டலையும் ரயில் போக்குவரத்தையும் நுணுக்கமாகத் திட்டமிட்டவர் அவர்.