கேட்டால் சொல்கிறேன்: “இன்னைக்கு ஏன் லீவு?”

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் அட்லாண்டா பக்கத்தில் ஆல்ஃபரெட்டாவில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பெயரில் ஜனவரியில் வரும் நாள் இருவருக்கும் மூன்று நாள் லீவு, அவ்வளவுதான். பள்ளியில் கிங் படத்துக்கு வண்ணம் தீட்டிக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் ஏதாவது செய்யலாமே என்றால் என் வீட்டுக்காரர், “அது அவங்க வரலாறு, நடுவுல நாம எதுக்கு?” என்கிறார். பொங்கல் வேலையும் அதே வாரத்தில்தான் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. 1946-லிருந்து 1965 வரை இந்தியாவிலிருந்து இங்கே குடியேற வருஷத்துக்கு 100 பேருக்குத்தான் இடம். மொத்த இந்தியாவுக்கும் 100. இன்றைக்கு ஒரு தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையிலேயே அதைவிட அதிகம் பேர் நிற்கிறோம். இது எப்படி மாறியது? 1964 ஜூலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம். அதற்கு இரண்டே மாதம் கழித்து, அக்டோபர் 3 அன்று, பிறந்த நாட்டை வைத்து ஆளை ஒதுக்கிய குடியேற்ற ஒதுக்கீட்டை ஒழிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் சுதந்திரதேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். இந்த மூன்றையும் நகர்த்தியது ஒரே அலை. அலபாமாவின் பர்மிங்ஹாமிலும் செல்மாவிலும் உரிமை கேட்டுப் போராடிய கறுப்பின மக்கள் அடி வாங்காமல் இருந்திருந்தால் உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த ஊரில் ஒரு வீட்டுக்கடன்கூட இருந்திருக்காது.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பட்ட பாட்டை நம் பாடு மாதிரி பிள்ளைகளிடம் பேசாதீர்கள். நாம் அதன் பலனை அனுபவிக்கிறவர்கள். அந்த அளவோடு நிற்பதுதான் மரியாதை.

சரி, பொங்கலுக்கு வருவோம். கிங் பிறந்தது 1929 ஜனவரி 15. அவருக்கான விடுமுறை ஜனவரியின் மூன்றாவது திங்கள். நம் பொங்கல் 14 அல்லது 15. 2024-ல் பொங்கல், அவர் பிறந்தநாள், விடுமுறை மூன்றும் ஒரே திங்கட்கிழமையில் வந்தன. இதைவிட வசதி என்ன வேண்டும்? புதிதாக ஒரு பண்டிகையை உண்டாக்க வேண்டாம். இருக்கிற பண்டிகைக்குள் ஒன்றே ஒன்றைச் சேருங்கள். ஆனால் வருஷா வருஷம் அதையே செய்யுங்கள். பிள்ளைகளுக்குப் புதுமையைவிடத் திரும்ப வருவதுதான் பிடிக்கும். ஒரு வருஷம் விட்டுவிட்டால் அவர்களே வந்து சண்டை போடுவார்கள்.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். நான் டிகேட்டரில் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள். பொங்கல் பானையை இறக்கி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் ஜார்ஜியா கில்மோர் கதையைச் சொல்வேன். பேருந்தில் கறுப்பின மக்களைத் தனியாக உட்கார வைத்ததை எதிர்த்து 1955 டிசம்பரில் அலபாமாவின் மாண்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் ஜனங்களை வேலைக்குக் கொண்டுபோய் விட வண்டி வேண்டும், வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும். கில்மோர் ஒரு சமையல்காரர். அவரும் அவருடன் சேர்ந்த பெண்களும் கோழி சாண்ட்விச், பை, கேக் என்று செய்து விற்று, அந்தப் பணத்தைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களில் பலர் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் தங்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்’ என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் இல்லை! புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங் மீது போட்ட வழக்கில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக கில்மோரின் வேலை போயிற்று. அவர் தன் வீட்டு அடுப்பிலேயே சமைத்து விற்க ஆரம்பித்தார். கிங் அங்கே வந்து சாப்பிட்டிருக்கிறார்.

என் பையன்களுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்று சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மார்கழி முழுக்க டப்பா சமையலறையில் இருக்கும். கிங் நாளன்று அந்தக் காசில் அரிசி, பருப்பு, டின் உணவு வாங்கி உணவு வங்கியில் கொடுப்போம். 1994-லிருந்து அந்த விடுமுறையே சட்டப்படி தொண்டு செய்யும் நாள்தான். பெரியவன் ஒரு வருஷம் தன் பிறந்தநாள் காசை முழுக்கப் போட்டான். டப்பாவில் கிடந்த நோட்டை வைத்துக் கண்டுபிடித்தேன், கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான்.

லீவும் சும்மா வரவில்லை என்று உங்கள் 11 வயதுக்காரனிடம் சொல்லுங்கள். 1968 ஏப்ரலில் கிங் சுடப்பட்ட நான்காம் நாளே இந்த விடுமுறைக்கான மசோதாவை நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கானியர்ஸ் கொண்டுவந்தார். அது சட்டமாக 1983 ஆயிற்று. முதல் விடுமுறை 1986-ல். எல்லா மாநிலங்களும் ஒத்துக்கொள்ள 2000 வரை இழுத்தது. அவன் வீட்டில் படுத்துத் தூங்குகிற அந்தத் திங்கட்கிழமைக்காகக் கிங்கின் மனைவி கோரெட்டா எத்தனை வருஷம் அலைந்தார் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஆறு வயதுக்காரிக்கு ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமியின் கதை போதும். 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள் தனியாக நுழைந்தபோது ரூபிக்கும் ஆறு வயதுதான். சுற்றி மத்திய அரசின் மார்ஷல்கள், வெளியே கத்துகிற கூட்டம். மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு முழு வருஷம் அந்த வகுப்பில் ரூபியும் டீச்சர் பார்பரா ஹென்றியும் மட்டும். “அப்போ அவ யார்கூட விளையாடுவா?” என்று உங்கள் மகள் கேட்பாள். உடனே பதில் சொல்லாதீர்கள், கொஞ்ச நேரம் யோசிக்கட்டும். 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடித்த குண்டையும் செத்துப்போன நான்கு சிறுமிகளையும் பற்றி இப்போது வேண்டாம். மகனுக்குச் சொல்லலாம், அதுவும் படுக்கப்போகும் நேரத்தில் அல்ல.

கேள்வி: சார்லட்டில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஒன்பது வயதுப் பேத்தி, பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் பற்றிப் படித்துவிட்டு, “தாத்தா, நம்ம ஊர்லயும் யாரையாவது இப்படித் தனியா உக்கார வெச்சாங்களா?” என்று கேட்டாள். கிங்குக்கே அகிம்சையைக் கற்றுக்கொடுத்தவர் நம் காந்திதான் என்று பெருமையாகச் சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். சரிதானே?

பதில்: பாதி சரி ஐயா. கிங் 1959-ல் இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் போலச் சுற்றினார், காந்தியிடம் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் நடந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளி. தலைமை ஆசிரியர், “அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்” என்று அவரை அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் ஊர் ஜனங்கள் இருக்கும் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். 1965 ஜூலை 4 அன்று, அமெரிக்க சுதந்திர தினத்தில், தன் எபனேசர் தேவாலயத்தில் இதைப் பிரசங்கமாகவே சொன்னார். காந்தி பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

பேத்தி கேட்டது அமெரிக்காவைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி. டீக்கடையில் இருந்த இரட்டைக் குவளையைச் சொல்லுங்கள். அதைவிட, தீபாவளிக்குப் பலகாரத் தட்டு எந்தெந்த வீட்டு முன்வாசலுக்குப் போனது, யார் பின்பக்கம் வந்து நின்று வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் வாசலுக்கு எந்தப் பக்கம் நின்றவர் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பக்கமானாலும் அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை. அடுத்த தீபாவளிக்கு அவளோடு உட்கார்ந்து பலகாரம் கட்டும்போது ஆரம்பியுங்கள். கை வேலையாக இருந்தால் வாய் கொஞ்சம் சுலபமாகத் திறக்கும்.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். அடிமை விடுதலையைக் கொண்டாடும் ‘ஜூன்டீன்த்’ நாளான ஜூன் 19 அன்று அலுவலகம் லீவு. பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?

பதில்: ஹூஸ்டனில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்! அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்கள் 1872-லேயே தாங்கள் இந்த நாளைக் கொண்டாடுவதற்காகக் காசு சேர்த்து நிலம் வாங்கினார்கள். அதுதான் உங்கள் ஊர் எமான்சிபேஷன் பார்க். காலையில் அங்கே போங்கள். அன்று சிவப்பு பானம் குடிப்பது வழக்கம். செம்பருத்தி இனத்துப் பூவில் போட்டது கிடைத்தால் அதை வாங்குங்கள், நம் புளிச்சக்கீரைக்குச் சொந்தம்தான்.

பிறகு கால்வெஸ்டன். எப்படியும் கடற்கரைக்குப் போவீர்கள், போகிற வழியில் ஸ்ட்ராண்ட் தெருவும் 22-ம் தெருவும் சேரும் முனையில் வண்டியை நிறுத்துங்கள். சுவரில் பெரிய ஓவியம் இருக்கிறது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்து இரண்டரை வருஷம் ஆன பிறகு, 1865 ஜூன் 19 அன்று, அடிமைகள் எல்லோரும் விடுதலை என்ற ஆணை டெக்ஸஸில் பிறந்தது கால்வெஸ்டனில்தான். ஆணையின் வாசகத்தை முன்பே அச்செடுத்துக்கொண்டு போய் பெரிய பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். சில வரிகள்தான். எஜமானருக்கும் அடிமைக்கும் இனி முழுச் சமத்துவம் என்று அதில் இருக்கிறது. இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. இரண்டையும் படித்துவிட்டு அவன் என்ன கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள். அப்புறம் கடற்கரைக்குப் போகலாம். ஜூன் வெயில், தொப்பியை மறக்காதீர்கள்.