முள்ளந்தண்டு சத்திரசிகிச்சை நிபுணராக எத்தனை வருடம் போகும்?

மகள் மட்டக்களப்பில் உயர்தரம் உயிரியல் படிக்கிறாள், முள்ளந்தண்டு ஒப்பரேஷன் செய்யும் டொக்டராக வேண்டும் என்கிறாள், எத்தனை வருடம் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டொக்டர் இல்லை. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரித் தியேட்டரில் எலும்பு டொக்டர்மாருக்குப் பக்கத்தில் பல வருடம் நின்ற தாதி.

எம்.பி.பி.எஸ். 5 வருடம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்பு மட்டக்களப்பிலேயே இருக்கிறது. அப்புறம் 1 வருடம் உள்ளகப் பயிற்சி. பிறகு கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் சோதனை, எலும்புச் சத்திரசிகிச்சையில் பட்டப்பின் பயிற்சி, வெளிநாட்டுப் பயிற்சி. நேரே முள்ளந்தண்டுக்குப் போக முடியாது, கை, கால், இடுப்பு என்று எல்லாம் கற்ற பிறகுதான். எப்படியும் 35 வயதை ஒட்டிவிடும்.

வேலை எப்படியென்றால், கிளினிக்கில் வயல் வேலை செய்து நாரி நோவோடு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கத்தியே வேண்டாம். மருந்து, உடற்பயிற்சி, கொஞ்சம் பொறுமை போதும். தியேட்டருக்குள் வேறு கதை. எக்ஸ்ரே கதிருக்காக ஐந்தாறு கிலோ ஈய உடுப்பைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக நிற்க வேண்டும். முள்ளெலும்பை உறுதியாகப் பிடிக்கப் போடும் ஸ்குரூ இறங்குகிற எலும்புப் பாதை பென்சில் தடிப்புத்தான், அதன் உள்பக்கச் சுவரோடு நரம்பு. அந்த நேரம் ஒருவரும் பேச மாட்டோம்.

ஆனால் நான் பார்த்ததில் கஷ்டமான இடம் தியேட்டர் இல்லை, வாட். தென்னையில் இருந்து விழுந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நெஞ்சு முள்ளும் நாரி முள்ளும் சேரும் இடத்தில்தான் உடையும். உடைந்த எலும்பை நிமிர்த்திக் கட்டலாம், நசுங்கிய நரம்பைத் தைக்க முடியாது. அப்படி ஒரு தம்பிக்கு ஒப்பரேஷன் முடிந்த மறுநாள், அவருடைய மனைவி, "எப்ப சேர் நடப்பார்?" என்று கேட்டா. டொக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தார். "எலும்பை உறுதியாக்கிப் போட்டம் தங்கச்சி. கால் திரும்புமா எண்டு இண்டைக்கு என்னால சொல்ல ஏலாது" என்றார். அவ திரும்பத் திரும்ப அதையே கேட்டா. ஒவ்வொரு தடவையும் அவர் குரலை உயர்த்தாமல் முழுதாகப் பதில் சொன்னார். அவ அழுது முடியும் வரைக்கும் ஸ்டூலை விட்டு எழும்பவே இல்லை.

மகளிடம் வருடக் கணக்கோடு இதையும் சொல்லுங்கள்.