பி.டி. பீரியடில் என் பையனை மட்டும் வகுப்பில் உட்காரவைக்கிறார்கள். விளையாட விடச் சொல்லிக் கேட்கலாமா?

கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஒன்பது வயது, மூளை முடக்குவாதம், காலைத் தாங்கும் இரும்புக் கேலிப்பர் போட்டு நடக்கிறான், மற்ற பிள்ளைகள் மைதானத்துக்குப் போகும்போது இவன் மட்டும் வகுப்பில், கேட்டால் "அடிபட்டால் யார் பொறுப்பு" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பென்னாகரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பதினான்கு வருடமாக பி.டி. ஆசிரியர். உங்கள் பையனின் சார் செய்வதை நானும் செய்திருக்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழாம் வகுப்பில் பார்வை மிகவும் குறைவான ஒரு பெண் இருந்தாள். புளியமரத்தடியில் உட்காரவைத்து எல்லாருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். அவளுக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். அந்த வருடம் பொங்கலுக்கு அவள் ஊர்ப் பையன்கள் விளையாட்டுப் போட்டி வைத்து, பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைக்கிற போட்டியில் அவளும் பேர் கொடுத்திருந்தாள். துண்டைக் கட்டி மூன்று சுற்று சுற்றி விட்டதும் மற்ற பிள்ளைகள் பந்தல்கால் பக்கமும் ஜனங்கள் பக்கமும் கம்பை வீசிக்கொண்டு போனார்கள், இவள் மட்டும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். மைக் செட் எந்தப் பக்கம் கேட்கிறது என்று காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நிதானமாக எட்டு அடி எண்ணி வைத்துக் கம்பை ஓங்கினாள். பானை உடையவில்லை, விளிம்பில் பட்டு ஆடியது. ஆனால் அன்றைக்குப் பானையில் கம்பு பட்டதே இரண்டு பேருக்குத்தான், அதில் ஒருத்தி இவள். பரிசுக்கு வைத்திருந்த எவர்சில்வர் குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அந்தப் பையன்கள் அவளுக்காக எதையும் மாற்றவில்லை, எல்லாருக்கும் கண் கட்டுவதுதான் அந்த ஆட்டத்தின் விதி. என் மைதானத்தில் விதியை வைத்தது நான்.

யோசித்துப் பாருங்கள், பாண்டி ஆட்டத்தில் இரண்டு காலும் நன்றாக இருக்கிற பிள்ளைகள்தான் ஒற்றைக் காலில் குதிக்கிறார்கள், கபடியில் மூச்சு விடாமல் பாடுகிறோம். வேண்டுமென்றே ஒரு தடையை வைத்துக்கொண்டு ஆடுவதுதான் விளையாட்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் கோல்பால் என்று பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் ஓர் ஆட்டம், அணிக்கு மூன்று பேர், பந்துக்குள் மணி இருக்கும். கொஞ்சம் பார்வை இருப்பவரும் கண்ணை மறைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். பானை உடைக்கும்போது நாம் செய்வதும் இதேதானே! அதற்கப்புறம் நான் அந்தப் பெண்ணுக்காகக் கால்பந்தை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டினேன். உருளும்போது சரசரவென்று சத்தம் வரும், செலவே இல்லை. காது கேட்காத பிள்ளை இருந்தால் விசில் ஊதும்போதே கையில் ஒரு சிவப்புத் துணியையும் ஆட்டுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் பையனுக்கு வருகிறேன். போச்சியா என்று ஓர் ஆட்டம், 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது, மூளை முடக்குவாதம் உள்ளவர்களை வைத்தே தொடங்கியது. ஒரு வெள்ளைப் பந்தை முதலில் எறிய வேண்டும், அப்புறம் சிவப்பு ஆறு, நீலம் ஆறு, யாருடையது வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. நம் கோலி ஆட்டம் மாதிரிதான். பழைய துணியில் மணலோ கேழ்வரகோ கட்டித் தைத்தால் பந்து தயார். கையால் எறிய முடியாத பிள்ளைக்கு ஒரு பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்துச் சாய்த்துக் கொடுத்தால் அதில் உருட்டி விடலாம். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து ஆட வேண்டும், வகுப்பு முழுக்க. அவனுக்கென்று தனி மூலையில் வைத்தால் அதுவும் இன்னொரு புளியமரம்தான்.

பொறுப்பு விஷயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் 16ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அங்கீகாரம் பெற்ற பள்ளியானாலும், விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டு போங்கள், ஆனால் சண்டைக்குப் போகிற மாதிரி நீட்டாதீர்கள், பெரும்பாலான பி.டி. ஆசிரியர்களுக்குப் பயம்தான், மனசு இல்லாமல் இல்லை. பயத்துக்கு மருந்து தகவல். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள், அவர்களை ஒரு நாள் பள்ளிக்கு வரச் சொல்லி எது செய்யலாம், எது கூடாது என்று சாரிடம் நேரில் சொல்ல வையுங்கள். கேலிப்பரின் இரும்பு மற்ற பிள்ளைகள் மேல் படாமல் ஸ்பாஞ்ச் சுற்றுங்கள். விளையாடி முடித்ததும் கேலிப்பரைக் கழற்றித் தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். உண்மையிலேயே கவனம் தேவைப்படுகிற இடங்களும் உண்டு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குக் கழுத்துப் பகுதி முதுகெலும்பு மூட்டு தளர்ந்திருக்கலாம், டாக்டரைக் கேட்காமல் குட்டிக்கரணம் போட விடக் கூடாது. ஆனால் அதைக் காரணம் காட்டி ஓடவே விடாமல் இருப்பது வேறு.

மாரியப்பன் தங்கவேலுவை எல்லாரும் உதாரணம் சொல்வார்கள், நமக்குப் பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்காரர், காலில் குறைபாடு உள்ளவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். எனக்கு அந்தத் தங்கத்தைவிட முக்கியமாகப் படுவது, பள்ளி வயதில் அவர் கலந்துகொண்ட முதல் போட்டியிலேயே, குறைபாடு இல்லாத பிள்ளைகளோடு தாண்டி இரண்டாவதாக வந்தார் என்பது. யாரோ அவரை வரிசையில் நிற்க விட்டிருக்கிறார்கள். உங்கள் பையன் பதக்கம் வாங்க வேண்டாம், வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தால் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். இவ்வளவு எழுதிய நீங்கள் அவனுக்கு எந்த விளையாட்டு ஆட ஆசை என்று எழுதவில்லை. நானும் அந்தப் பெண்ணிடம் ஆறு மாதம் கேட்கவில்லை, கேட்டபோது அவள் சொன்னது ரிலே. ஒரே கயிற்றின் ஒரு முனை வளையம் இன்னொரு பெண்ணின் கையில், மறுமுனை வளையம் இவள் கையில், இரண்டு பேரும் சேர்ந்து ஓடினார்கள். திங்கட்கிழமை சாரைப் பார்க்கப் போகும் முன் அவனிடம் கேட்டுக்கொண்டு போங்கள். முடிந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு போய், அவன் வாயாலேயே சொல்ல விடுங்கள்.